கோவில்பட்டி தீக்குச்சியின் நுனியில் ஒரு பிரெஞ்சுக்காரர்... யார் இந்த பெர்தொலே?

ஒரு தீப்பெட்டி 2 ரூபாய். 14 வருஷமாக 1 ரூபாயிலேயே நின்றிருந்த விலை, 2021 டிசம்பர் 1-ம் தேதிதான் 2 ரூபாய்க்கு ஏறியது. கடையில் வாங்கிய பெட்டியைத் திருப்பி, எந்த ஊர் தயாரிப்பு என்று பாருங்கள். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, கழுகுமலை, குடியாத்தம் என ஏதாவது ஒரு பெயர் இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்த லேபிளில் இல்லாத ஒரு பெயரும் இருக்கிறது. குளோட் லூயி பெர்தொலே. பிரான்ஸைச் சேர்ந்த வேதியியலர். இறந்து 200 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோவில்பட்டியில் யாரும் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இவர் கண்டுபிடித்த ஒரு உப்பு இல்லாமல், அந்த ஊரின் ஒரு தீக்குச்சிகூடப் பற்றாது.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாம் படிப்பது இவருடைய சகாவான லவாய்சியரை. பெர்தொலே எப்படி விடுபட்டுப் போனார்? பீரங்கிக்காக யோசித்த உப்பு, கரிசல் காட்டுப் பெண்களின் கைக்கு எப்படி வந்தது? பார்க்கலாம்.

தீக்குச்சி முனையில் என்னதான் இருக்கு?

தீக்குச்சித் தலையில் இருக்கும் மருந்தில் முக்கியமானவை மூன்று. ஒன்று, பொட்டாசியம் குளோரேட். இரண்டு, கந்தகம். மூன்று, இவற்றைக் குச்சியில் ஒட்ட வைக்கும் வஜ்ரம். கூடவே கண்ணாடித் தூள், நிறம் என்று சில சேர்க்கைகள். இதில் அளவில் பெரிய பங்கு பொட்டாசியம் குளோரேட்டுக்குத்தான்.

பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருக்கும் பழுப்பு நிறப் பட்டையில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ். உரசும்போது அதில் மிகச் சிறிய துகள் குச்சியின் தலையோடு சேர்ந்து பற்றுகிறது. அந்தச் சூட்டில் பொட்டாசியம் குளோரேட் உடைந்து, தனக்குள் இருக்கும் ஆக்சிஜனை வெளியே விடுகிறது. அந்த ஆக்சிஜனில் கந்தகம் எரிகிறது. அங்கிருந்து தீ மெழுகுக்கு, மெழுகிலிருந்து மரக்குச்சிக்குப் போகிறது. இவ்வளவும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

இதில் குளோரேட்டின் வேலை என்ன? அது எரிபொருள் இல்லை. மற்றவை எரிவதற்கான ஆக்சிஜனைச் சுமந்து வரும் மூட்டை. அதன் எடையில் சுமார் 39 சதவீதம் ஆக்சிஜன்தான். ஒரு கிலோ குளோரேட்டை முழுதாக உடைத்தால் கிட்டத்தட்ட 270 லிட்டர் ஆக்சிஜன் வாயு கிடைக்கும். ஒரு கை அளவு வெள்ளைத் தூளுக்குள் இவ்வளவு காற்று அடைபட்டிருக்கிறது என்பதுதான் அதன் பலம். ஆபத்தும் அதுதான்.

சரி, பெர்தொலே யார்?

1748-ல், இன்றைய பிரான்ஸின் ஆன்சி நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தலுவார் என்ற ஏரிக்கரை ஊரில் பிறந்தார். அப்போது அந்தப் பகுதி பிரான்ஸில் இல்லை, சவோய் என்ற தனி ஆட்சிக்குள் இருந்தது. இத்தாலியின் டூரின் நகரத்தில் மருத்துவம் படித்து டாக்டர் ஆனார். 1772-ல் பாரிஸுக்கு வந்தார். வைத்தியம் பார்த்துக்கொண்டே வேதியியலும் படித்தார். 1780-ல் பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் இடம் கிடைத்தது.

1784-ல் கிடைத்த வேலைதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. பாரிஸில் கோப்லாங் என்ற அரசு நெசவுக்கூடம் உண்டு. அரண்மனைகளுக்கான சித்திரத் திரைகளை நெய்யும் இடம். அங்கிருந்த சாயத் தொழிலைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. துணி, சாயம், வெளுப்பு என்று தொழிற்கூடத்துப் பிரச்சினைகள் அவர் மேஜைக்கு வர ஆரம்பித்தன.

அந்த மேஜையில் இருந்துதான் இரண்டு பெரிய விஷயங்கள் கிளம்பின. ஒன்று, குளோரினை வைத்துத் துணி வெளுக்கும் முறை. இன்னொன்று, அதே குளோரினை வைத்துச் செய்த பொட்டாசியம் குளோரேட்.

லவாய்சியருக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

அந்தக் காலத்தில், ஒரு பொருள் எரியும்போது அதிலிருந்து ப்ளோஜிஸ்டன் என்ற ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்று நம்பினார்கள். லவாய்சியர் தராசை எடுத்தார். எரிவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தார். எரியும் பொருள் எதையும் இழக்கவில்லை, காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது என்று காட்டினார்.

பாரிஸின் மூத்த வேதியியலர்கள் பலர் இதை உடனே ஏற்கவில்லை. 1785-ல் வெளிப்படையாக லவாய்சியர் பக்கம் வந்தவர்களில் முக்கியமானவர் பெர்தொலே. இரண்டே வருஷத்தில், 1787-ல், கித்தோன் தெ மொர்வோ, லவாய்சியர், பெர்தொலே, ஃபூர்குருவா ஆகிய நான்கு பேரும் சேர்ந்து வேதிப்பொருட்களுக்குப் பெயர் வைக்கும் புதிய முறையை வெளியிட்டார்கள். ஒரு பொருளில் என்னென்ன இருக்கிறதோ அதை வைத்தே பெயர் என்பது அதன் அடிப்படை. சல்பேட், நைட்ரேட் என்று நாம் பத்தாம் வகுப்பில் எழுதிய பெயர்களின் வேர் அங்கேதான்.

அதற்காகப் பெர்தொலே ஆமாம் சாமி போட்டவர் இல்லை. எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருந்தே ஆக வேண்டும் என்பது லவாய்சியரின் கருத்து. ஆக்சிஜன் என்ற பெயருக்கே ‘அமிலத்தை உண்டாக்குவது’ என்றுதான் பொருள். ஆக்சிஜன் துளியும் இல்லாமல் அமிலம் போல நடந்துகொள்ளும் பொருட்கள் இருக்கின்றன என்று பெர்தொலே காட்டினார். ஹைட்ரஜன் சல்பைடு அதில் ஒன்று. நண்பரின் கோட்பாடு அந்த இடத்தில் நிற்கவில்லை. நட்பு நின்றது.

வெடியுப்புத் தட்டுப்பாடும், இந்தியாவும்

இனிமேல்தான் நம்ம ஊர் கதைக்குள் வருகிறது. பீரங்கி வெடிமருந்துக்கு மூன்று பொருள் வேண்டும். கரி, கந்தகம், வெடியுப்பு. இதில் வெடியுப்பு என்கிற பொட்டாசியம் நைட்ரேட்தான் ஆக்சிஜன் தருவது. 18-ம் நூற்றாண்டில் உலகின் சிறந்த வெடியுப்பு பீகார், வங்காளப் பகுதிகளில் இருந்து போனது. பிரிட்டனோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763-ல் முடிந்தபோது பிரெஞ்சுக்காரர்களுக்குப் புதுச்சேரி திரும்பக் கிடைத்தது. வங்காளத்தின் வெடியுப்பு வியாபாரம் மட்டும் ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனியின் பிடிக்குப் போய்விட்டது.

வெடிமருந்து இல்லாமல் தவித்த பிரான்ஸ், 1775-ல் புதிய வெடிமருந்து நிர்வாகத்தை அமைத்தது. அதன் பொறுப்பாளர்களில் ஒருவர் லவாய்சியர். உள்ளூரிலேயே வெடியுப்பு உற்பத்தியைப் பெருக்க வழி தேடினார்.

பெர்தொலேயின் புதிய உப்பு வந்தது இந்தச் சூழலில். 1786-87 வாக்கில், சூடான பொட்டாஷ் கரைசலுக்குள் குளோரின் வாயுவைச் செலுத்தினார். கரைசல் ஆறியதும் அடியில் வெள்ளைப் படிகங்கள் தங்கின. அதைக் கரியோடு சேர்த்துத் தட்டினால் வெடித்தது. வெடியுப்பைவிட வேகமாக ஆக்சிஜனை விட்டது. வெடியுப்புக்குப் பதில் இதையே பயன்படுத்தலாமே என்ற எண்ணம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

1788 அக்டோபர் 27: என்ன நடந்தது?

பாரிஸுக்குத் தெற்கே எஸோன் என்ற ஊரில் இருந்த அரசு வெடிமருந்து ஆலையில் அன்று சோதனை. வழக்கமான வெடியுப்புக்குப் பதிலாகக் குளோரேட்டைப் போட்டு, கந்தகம், கரியோடு சேர்த்து இடித்தார்கள். பார்க்க வந்தவர்களில் பெர்தொலேயும், லவாய்சியரும், லவாய்சியரின் மனைவி மரி ஆனும் இருந்தார்கள். பாதுகாப்புக்குப் பலகைத் தடுப்பு அமைத்திருந்தார்கள்.

நடுவில் காலை உணவுக்குப் போனார்கள். திரும்பி வந்த நேரத்தில் கலவை வெடித்தது. ஆலையின் பொறுப்பாளரும், பார்க்க வந்திருந்த ஓர் இளம்பெண்ணும் இறந்தார்கள். லவாய்சியர் தம்பதியும் பெர்தொலேயும் சற்றுத் தள்ளி இருந்ததால் தப்பினார்கள்.

குளோரேட்டும் கந்தகமும் கலந்து உலர்ந்த நிலையில் இருந்தால், அடியோ உராய்வோ போதும். தனியாக ஒரு பொறி தேவையே இல்லை. இந்த உண்மைக்கு முதலில் விலை கொடுத்த இடங்களில் ஒன்று எஸோன். பெரிய அளவில் இந்த உப்பை வைத்துப் பீரங்கி மருந்து செய்யும் கனவு கைகூடவில்லை.

பீரங்கியில் இருந்து தீக்குச்சிக்கு

டன் கணக்கில் ஆபத்தான அதே பொருள், கடுகு அளவில் இருந்தால்? இந்தக் கேள்விக்கான பதில்தான் தீக்குச்சி. அதற்கு 50 வருஷத்துக்கு மேல் ஆனது.

1805: பாரிஸில் ழான் ஷான்செல், குளோரேட், கந்தகம், சர்க்கரை சேர்த்த மருந்தைக் குச்சியில் பூசினார். பற்ற வைக்க, கந்தக அமிலம் இருக்கும் புட்டிக்குள் குச்சியை முக்க வேண்டும். சட்டைப் பையில் அமிலப் புட்டியோடு யார் நடப்பார்கள்?

1827: இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரத்து மருந்துக் கடைக்காரர் ஜான் வாக்கர், உரசினால் பற்றும் குச்சியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதிலும் குளோரேட் இருந்தது. அவர் காப்புரிமை வாங்கவில்லை.

1830: பிரான்ஸின் ஷார்ல் சோரியா வெள்ளை பாஸ்பரஸைச் சேர்த்தார். குச்சி சுலபமாகப் பற்றியது. ஆனால் அந்த வெள்ளை பாஸ்பரஸ் புகை, தொழிலாளர்களின் தாடை எலும்பை அரித்தது. 1888-ல் லண்டன் பிரையன்ட் அண்ட் மே ஆலையில் சுமார் 1,400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இந்த நோயின் கொடுமையும் வெளியே பேசப்பட்டது.

1844: ஸ்வீடனின் குஸ்தாஃப் எரிக் பாஷ் ஒரு எளிமையான யோசனை சொன்னார். சேர்ந்தால் ஆபத்து என்றால் பிரித்து வை. குளோரேட்டைக் குச்சியிலும், பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கத்திலும் வைத்தால், உரசும் அந்த நொடியில் மட்டும்தான் இரண்டும் சந்திக்கும். அதுவும் சிவப்பு பாஸ்பரஸ், வெள்ளை இல்லை. 1850-களில் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் இதைப் பெரிய தொழிலாக்கினார்கள். பெட்டியில் ‘சேஃப்டி மேட்ச்’ என்று போட்டிருப்பதற்கு அர்த்தம் இந்தப் பிரிவினைதான்.

1906-ல் பெர்ன் நகரத்தில் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சிக்கு எதிராகச் சர்வதேச ஒப்பந்தம் வந்தது. இந்தியாவில் 1913-ல் தனிச் சட்டமே போட்டுத் தடை செய்தார்கள். பாஸ்பரஸ் மாறியது, இடம் மாறியது. குச்சியின் தலையில் இருந்த பெர்தொலேயின் உப்பு மட்டும் மாறவில்லை.

கரிசல் காட்டுக்கு எப்படி வந்தது?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் என்று விரியும் கரிசல் பூமி வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் விதைப்பு. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசி. மழை ஏமாற்றினால் வருஷமே ஏமாற்றம். மீதி மாதங்களில் காடு கட்டாந்தரையாகக் கிடக்கும்.

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். இயந்திரத்துக்குப் பெரிய முதல் தேவையில்லை, கையாலேயே செய்யலாம் என்பது இந்தத் தொழிலின் சிறப்பு. மழை குறைவு, வெயில் அதிகம் என்பது விவசாயத்துக்குச் சாபம். மருந்தும் குச்சியும் காய வேண்டிய தொழிலுக்கு அதுவே வசதி. சிவகாசியில் இருந்து சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று தொழில் பரவியது.

இங்கே யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ‘தீப்பெட்டி ஆபீஸ்’தான். கட்டை அடுக்குவது, மெழுகில் முக்குவது, மருந்தில் முக்குவது, பெட்டி ஒட்டுவது, குச்சி அடைப்பது, பக்க மருந்து பூசுவது என்று வேலைகள் பிரிந்திருக்கும். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குச்சிக்கான மட்டி மரம் கேரளத்தில் இருந்து வருகிறது. மழை பொய்த்த வருஷத்தில் அடுப்பு எரிய வைத்தது இந்தக் கூலிதான் என்பது கரிசல் குடும்பங்களுக்குத் தெரியும்.

இந்தக் கதையில் இருண்ட பக்கமும் உண்டு. இந்தத் தொழிலில் நீண்ட காலம் குழந்தைகள் வேலை பார்த்தார்கள். சிவகாசி தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகளின் நிலை பற்றிய எம்.சி.மேத்தா வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. குழந்தைகளை அபாயகரமான வேலையிலிருந்து மீட்டுப் பள்ளிக்கு அனுப்புவது, வேலைக்கு வைத்த முதலாளியிடம் இழப்பீடு வாங்குவது என்று அதில் உத்தரவுகள் வந்தன.

எஸோன் பாடம் இன்னும் முடியவில்லை

சேஃப்டி மேட்ச் என்ற பெயர் வாங்குபவருக்குத்தான். தயாரிப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. குச்சி, பெட்டி என்று பிரித்து வைத்தது பயன்பாட்டுக்கு. தயாரிப்பில் குளோரேட்டும் கந்தகமும் ஒரே மருந்தில் கலந்துதான் ஆக வேண்டும். அதாவது, 1788-ல் வெடித்த அதே ஜோடி.

வித்தியாசம் ஈரத்தில் இருக்கிறது. மருந்தை வஜ்ரமும் தண்ணீரும் சேர்த்துக் குழம்பாகவே கலக்குகிறார்கள். ஈரமாக இருக்கும்வரை அது ஓரளவு அடங்கி இருக்கும். தரையில் சிந்தி உலர்ந்த மருந்து, பாத்திர ஓரத்தில் காய்ந்து ஒட்டிய பொருக்கு, கழிவுக் குச்சிகளின் குவியல் இவைதான் ஆபத்து. இன்னொரு விதி இதைவிடக் கண்டிப்பானது. தலை மருந்தும் பக்க மருந்தும் எந்த இடத்திலும் சந்திக்கக் கூடாது. குளோரேட்டும் சிவப்பு பாஸ்பரஸும் உலர்ந்த நிலையில் ஒன்றுசேர்ந்தால், லேசான உராய்வே போதும்.

இந்தியச் சட்டமும் இதைப் புரிந்து வைத்திருக்கிறது. வெடிபொருட்களில் கந்தகத்தையும் குளோரேட்டையும் சேர்த்துக் கலப்பதற்குத் தடை. தீக்குச்சித் தலைக்கு விதிவிலக்கு உண்டு. பக்கத்துப் பட்டாசு ஆலையில் கலந்தால் குற்றம், தீப்பெட்டி ஆபீஸில் கலந்தால் தொழில். கரிசல் காட்டில் ஒரு சில மைல் தூரத்துக்குள் இந்த இரண்டு நிலையும் இருக்கிறது. அதனால், கலவை அறையில் நிற்பவருக்கு இந்த வேதியியல் தெரிந்திருப்பது பரீட்சை மார்க் விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

பஞ்சிலும் பெர்தொலே

கரிசல் என்றால் தீப்பெட்டிக்கு முன்னால் பருத்தி. கோவில்பட்டி லாயல் மில் பெயர் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் இல்லை. இங்கேயும் இவர் இருக்கிறார்.

1785-க்கு முன் துணியை வெள்ளையாக்க மாதக்கணக்கில் ஆகும். காரத்தில் வேக வைத்து, புளித்த மோரில் ஊற வைத்து, புல்வெளியில் வெயிலில் விரிக்க வேண்டும். குளோரின் அதே வேலையைச் சில மணி நேரத்தில் செய்யும் என்று பெர்தொலே காட்டினார். நீராவி எந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட் பாரிஸுக்கு வந்தபோது இதை நேரில் பார்த்தார். ஸ்காட்லாந்தில் துணி வெளுக்கும் தொழில் செய்த தன் மாமனாருக்குச் சொன்னார்.

காப்புரிமை வாங்கிக் காசு பார்க்கும் வாய்ப்பு பெர்தொலேவுக்கு இருந்தது. அவர் முறையை எல்லோருக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 1799-ல் சார்லஸ் டென்னன்ட் என்பவர் குளோரினைச் சுண்ணாம்பில் ஏற்றித் தூளாக்கிக் காப்புரிமை பெற்றார். அதுதான் இன்று பஞ்சாயத்து ஆட்கள் தெருவில் தூவும் பிளீச்சிங் பவுடர்.

அப்புறம் ஏன் லவாய்சியர் மட்டும் ஃபேமஸ்?

முதல் காரணம், லவாய்சியர் பெரிய கேள்விக்குப் பதில் சொன்னார். எரிதல் என்றால் என்ன என்பது வேதியியலின் அடித்தளக் கேள்வி. இரண்டாவது காரணம், அவர் மரணம். மன்னருக்காக வரி வசூலித்த குழுவில் இருந்தவர் என்பதால், பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794 மே 8-ம் தேதி கில்லட்டினில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 50. இப்படியொரு முடிவை வரலாறு மறக்காது.

பெர்தொலே பிழைத்தார். 1798-ல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போனார். அங்கே உப்பு ஏரிகளின் கரையில் சோடியம் கார்பனேட் படிந்திருப்பதைப் பார்த்து யோசித்தார். ஆய்வகத்தில் நடக்கும் வினைக்கு நேர்மாறான வினை இங்கே எப்படி நடக்கிறது? பொருட்களின் அளவும் சூழலும் மாறினால் வினையின் திசையே மாறும் என்ற முடிவுக்கு வந்தார். 1803-ல் அதைப் புத்தகமாக எழுதினார். ப்ளஸ் ஒன் பாடத்தில் வரும் மீள் வினை, நிறைதாக்க விதி எல்லாவற்றுக்கும் முன்னோடி இந்தச் சிந்தனை.

அதே சிந்தனை அவரை ஒரு தோல்விக்கும் கொண்டுபோனது. ஒரு சேர்மத்தில் தனிமங்களின் விகிதம் மாறலாம் என்றார் பெர்தொலே. எப்போதும் மாறாது என்றார் ப்ரூஸ்ட் என்ற இன்னொரு பிரெஞ்சு வேதியியலர். வருஷக்கணக்கில் நடந்த விவாதத்தில் ப்ரூஸ்ட் ஜெயித்தார். மாறா விகித விதி பாடத்தில் நிலைத்தது. தோற்றவர் பெயர் பின்னால் போனது. ஆனால் 20-ம் நூற்றாண்டில், விகிதம் லேசாக மாறக்கூடிய திடப்பொருட்கள் நிஜமாகவே இருக்கின்றன என்று தெரிந்தபோது, அவற்றுக்கு ‘பெர்தொலைடு’ என்றே பெயர் வைத்தார்கள்.

ஈபிள் கோபுரத்தில் 72 அறிஞர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. லவாய்சியர் இருக்கிறார். பெர்தொலே கைபிடித்து வளர்த்த கே-லூசாக் இருக்கிறார். பெர்தொலே இல்லை. சொந்த ஊருக்குப் பக்கத்தில் ஆன்சி நகரத்தில் அவருக்கு ஒரு சிலை உண்டு. ரஷ்ய மொழியில் பொட்டாசியம் குளோரேட்டை இன்றைக்கும் ‘பெர்தொலே உப்பு’ என்றுதான் சொல்கிறார்கள். 1822 நவம்பர் 6-ல், பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆர்க்குய் ஊரில் அவர் காலமானார்.

இப்போ அந்த உப்புக்கு என்ன சோதனை?

2021-ல் விலையை ஏற்றியபோது உற்பத்தியாளர்கள் சொன்ன காரணம் மூலப்பொருள். சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயில் இருந்து 810 ரூபாய், மெழுகு 58 ரூபாயில் இருந்து 80 ரூபாய் என்று கணக்குக் காட்டினார்கள். குளோரேட், கந்தகம், அட்டை என எல்லாமே ஏறியிருந்தன. ஒரு பெட்டியை 1 ரூபாய்க்கு விற்றால் கட்டுப்படியாகாது என்பது அவர்கள் வாதம்.

அதைவிடப் பெரிய போட்டி, பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர். ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடிக்கிறது, தென்மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் வேலை இதில் இருக்கிறது என்று 2022 செப்டம்பரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைவான மதிப்புள்ள சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. முழு லைட்டருக்குப் பதில் பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டுகிறார்கள் என்ற புகார் எழுந்தது. 2024 அக்டோபரில் பாகங்களின் இறக்குமதிக்கும் தடை வந்தது.

தடை ஓரளவு மூச்சுவிட நேரம் கொடுக்கும். சமையலறையில் கேஸ் லைட்டர், கடையில் சிகரெட் லைட்டர் என்று பழக்கம் மாறிவருவதை எந்த அறிவிப்பாலும் நிறுத்த முடியாது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்ததுபோல, தீப்பெட்டிக்கு அப்படி ஒரு தனி அடையாளம் இல்லை. உரசினால் பற்ற வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும். வாங்குபவர் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

கார்த்திகை விளக்குக்கும், கோவில் கற்பூரத்துக்கும், கரன்ட் போன ராத்திரியில் மெழுகுவத்திக்கும் இன்னும் தீப்பெட்டியைத்தான் தேடுகிறோம். அந்தக் குச்சித் தலையில் கடுகளவு மருந்தாக இருக்கிறது, 1788-ல் ஒரு ஆலையையே தூக்கிப்போட்ட உப்பு. அதை இரண்டு ரூபாய்க்கு நம் கையில் பயமில்லாமல் கொடுப்பது, கரிசல் காட்டில் ஈரம் காயாமல் மருந்து கலக்கும் ஆட்களின் கவனம். பெர்தொலேயைப் போலவே அவர்கள் பெயரும் லேபிளில் கிடையாது.